மேடுபள்ள ரோட்டுக்கு எந்த சைக்கிள்? 180 வருஷக் கதை (நீண்ட த்ரெட்)

1/
"டாக்டர், திருவாலங்காட்டுல இருந்து திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் சைக்கிள்லயே போய் வரலாம்னு இருக்கேன். ரோடு பைக் வாங்கலாமா? ரோடுதான் மோசமா இருக்கு."

இந்த மாதிரிக் கேள்விகள் இப்ப நிறைய வருது. ஒரே வரியில் பதில் சொல்லிடலாம். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி 180 வருஷ வரலாறு இருக்கு. அது தெரிஞ்சுட்டா கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. பொறுமையா வாங்க.

2/
முதல்ல ஒரு சின்ன விளக்கம். ரோடு பைக்னா மோட்டார் பைக் இல்லைங்க. ஆட்டுக்கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், மெல்லிசான டயர், எடை குறைவான ஃப்ரேம், குனிஞ்சு ஓட்டுற சைக்கிள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டோட கூட்டமா போறாங்களே, அதுதான்.

3/
இதை ஏன் ஒரு டாக்டர் எழுதணும்?

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் "தினமும் சைக்கிள் ஓட்டுங்க"ன்னு சொல்றவங்க நாங்கதான். நம்பி வாங்குறாங்க. மூணு மாசம் கழிச்சு கேட்டா, "கை மரத்துப்போகுது, இடுப்பு பிடிக்குது, விட்டுட்டேன் சார்." சைக்கிள் பால்கனியில் துணி காயப்போட ஆகுது. சர்க்கரை அங்கேயே நிக்குது.

மாத்திரை எழுதினா எத்தனை மில்லிகிராம்னு எழுதுறோம் இல்லையா? சைக்கிளுக்கும் ஒரு அளவு இருக்கு. அது மில்லிமீட்டர்ல.

4/
திருவாலங்காடுன்னா பலருக்கும் ரத்தின சபையும் காரைக்கால் அம்மையாரும் ஞாபகம் வரும். வரலாற்று மாணவர்களுக்கு இன்னொண்ணும் ஞாபகம் வரும்: 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள். 31 ஏடுகள். ராஜேந்திர சோழன் காலத்தில் பக்கத்து ஊரான பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம்.

அந்தக் காலத்தில் தானம் கொடுத்த நிலத்துக்கு எல்லை எப்படிக் குறிப்பாங்க தெரியுமா? ஒரு பெண் யானையை நடக்க விட்டு அதோட கூடவே எல்லையைச் சுற்றி வருவாங்க.

5/
யானையை இங்க இழுத்ததுக்குக் காரணம் இருக்கு.

டன் கணக்கான எடை. வரப்பு, பள்ளம், கல், முள். ஆனாலும் யானை சத்தமே இல்லாம நடக்கும். அதோட பாதத்துக்குள்ள கொழுப்பும் நாரும் சேர்ந்த ஒரு தடிமனான மெத்தை இருக்கு. கால் ஊன்றினா பாதம் விரியும், தூக்கினா சுருங்கும். எடை பரந்த பரப்பில் மெதுவா இறங்கும்.

நம்ம குதிகாலிலும் இதே மாதிரி ஒரு சின்னக் கொழுப்பு மெத்தை உண்டு. வயசாக ஆக அது மெலியும். குதிகால் வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

6/
மேடுபள்ளத்துக்கு இயற்கை கண்டுபிடிச்ச வழி இதுதான்: அகலமா இரு, மென்மையா இரு, தரையிலேயே அதிர்ச்சியை வாங்கிக்கோ, உடம்புக்குள்ள விடாதே.

மனுஷன் சைக்கிளில் இதைக் கண்டுபிடிச்சான், மறந்தான், திரும்பக் கண்டுபிடிச்சான், திரும்ப மறந்தான். அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

7/
1860-கள், பாரிஸ். மிஷோ பட்டறையில் செய்த மிதிவண்டிகள் பிரபலமாகுது. முன்சக்கரத்திலேயே பெடல். மரச்சக்கரம், அதைச் சுற்றி இரும்புப் பட்டை. நம்ம கட்டை வண்டிச் சக்கரம் மாதிரி.

கல் பாவிய தெருவில் இதை ஓட்டின ஆங்கிலேயர்கள் வைத்த பட்டப்பேர் "எலும்பாட்டி". எலும்பை ஆட்டி எடுக்கும் வண்டின்னு அர்த்தம்.

8/
கொடுமை என்னன்னா, தீர்வு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. 1845-ல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வயசு 23, காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கிட்டார். உள்ளே ரப்பர் பூசிய துணிக்குழாய், வெளியே தோல் உறை. 1847-ல் லண்டன் ரீஜென்ட் பூங்காவில் குதிரை வண்டியில் மாட்டி ஓட்டியும் காட்டினார்.

அப்ப சைக்கிளே கிடையாது. ரப்பர் விலையும் அதிகம். உலகம் மறந்துபோச்சு.

9/
அடுத்து வந்தது பழைய படங்களில் பார்த்திருப்பீங்க, முன்னாடி ஆள் உயரச் சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம். அந்தப் பெரிய சக்கரத்தால் வேகம் கிடைச்சுது. இன்னொரு லாபமும் இருந்துச்சு: பெரிய சக்கரம் சின்னப் பள்ளத்தில் முழுசா இறங்காது, மேலேயே உருண்டு போயிடும். ஆனா விழுந்தா தலைகுப்புறத்தான். மண்டை உடையும், மணிக்கட்டு முறியும்.

10/
1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி "ரோவர்" சைக்கிளைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட சமமான இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். இன்னிக்கு நாம ஓட்டுற சைக்கிளின் அடிப்படை அதுதான். பாதுகாப்புப் பிரச்சனை தீர்ந்தது.

ஆனா சக்கரம் சின்னதாச்சு, டயர் கெட்டி ரப்பர். அதனால குலுக்கல் திரும்பி வந்துடுச்சு.

11/
உடனே இன்ஜினியர்கள் யோசிச்சது ஸ்பிரிங். அதே 1885-ல் லின்லி அண்ட் பிக்ஸ் கம்பெனி "விப்பெட்" என்ற சைக்கிளைச் செஞ்சாங்க. ஃப்ரேமிலேயே ஸ்பிரிங். சீட், ஹேண்டில், பெடல் மூணும் ஒரே தொகுதியா மிதக்கும். நல்லாவே வேலை செஞ்சுது. நிறைய பேர் வாங்கினாங்க.

இந்த "ஸ்பிரிங்" விஷயத்தை ஞாபகம் வைங்க. 100 வருஷம் கழிச்சு திரும்ப வரும்.

12/
1887-88, பெல்ஃபாஸ்ட். ஜான் பாய்ட் டன்லப், கால்நடை மருத்துவர். பையன் மூணு சக்கர சைக்கிள் ஓட்டுறான். கருங்கல் பாவிய தெரு, கெட்டி ரப்பர் டயர், ஒரே குலுக்கல். (பையனை உடம்புக்காக சைக்கிள் ஓட்டச் சொன்னதே ஒரு டாக்டர்தான்னு ஒரு கதை உண்டு. எங்க தொழில் அன்னிக்கும் அப்படித்தான்!)

டன்லப் ஒரு மரவட்டையில் ரப்பர் குழாயைச் சுற்றி, துணியால் கட்டி, காற்றடிச்சார்.

13/
அடுத்து அவர் செஞ்ச சோதனைதான் முக்கியம். கெட்டி டயர் சக்கரத்தையும் காற்றுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டி விட்டார். கெட்டி டயர் பாதியில் விழுந்துடுச்சு. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கடைசி வரைக்கும் ஓடுச்சு.

சொகுசுக்காகச் செஞ்சது வேகமாகவும் இருந்துச்சு! நம்ம கதையின் மையமே இதுதான். கரடுமுரடான தரையில் சொகுசும் வேகமும் எதிரிகள் இல்லை. ஒரே ஆள்தான்.

14/
1888-ல் டன்லப்புக்குக் காப்புரிமை. 1889-ல் பெல்ஃபாஸ்ட் சைக்கிள் பந்தயத்தில் வில்லி ஹியூம் இந்த டயரோட வந்தார். தடிச்ச டயரைப் பார்த்துச் சிரிச்சாங்க. அவர் ஜெயிச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு.

பழைய தாம்சன் காப்புரிமை இருந்ததால் டன்லப்பின் காப்புரிமை பிறகு செல்லாமப் போச்சு. அது வேற கதை. சில வருஷத்தில் கெட்டி டயரும் ஸ்பிரிங் ஃப்ரேமும் சேர்ந்தே காணாமப் போச்சு. இரும்பு ஸ்பிரிங்கை வெறும் காற்று தோற்கடிச்சுது.

15/
ஒரு குறை இருந்துச்சு. டயரை ரிம்மோட ஒட்டி வெச்சிருந்தாங்க. பஞ்சரானா ராத்திரி முழுக்க வேலை. 1891-ல் பிரான்ஸின் மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தாங்க. அதை மாட்டிக்கிட்டு சார்ல் தெரோன் என்பவர் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை 71 மணி நேரம் சொச்சத்தில் முடிச்சார். முதல் பரிசு.

16/
இப்ப 1896. அந்த வருஷத்தில் நடந்த இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்க.

ஒண்ணு: பாரிஸ்–ரூபே பந்தயம் தொடங்குது. கருங்கல் பாவிய கிராமத்துப் பாதைகளுக்காகவே பேர்போன பந்தயம். இன்னிக்கும் நடக்குது.

இன்னொண்ணு: பிரெஞ்சு மருத்துவர் டெஸ்டோ ஒரு கட்டுரை எழுதுறார். சைக்கிள் ஓட்டுறதால் கையில் வரும் நரம்பு வாதம் பற்றி.

17/
அது என்ன நரம்பு? முழங்கையை எங்கயாவது இடிச்சுக்கிட்டா சுரீர்னு கரண்ட் அடிக்குமே, அதே நரம்பு. அல்நார் நரம்பு. அது கீழே இறங்கி, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேட்டில், மணிக்கட்டு ஓரமா ஒரு குறுகலான சந்து வழியாப் போகும். ஹேண்டில்பார் சரியா அங்கதான் அழுத்தும்.

அழுத்தமும் அதிர்வும் சேர்ந்தா சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். விடாம தொடர்ந்தா பிடிமானமே குறையும். சட்டை பட்டன் போடக் கஷ்டப்படுவாங்க. 1896-ல் எழுதினது இன்னிக்கும் அப்படியே பொருந்துது.

18/
உட்காரும் இடத்துக்கும் ஒரு கதை இருக்கு. ஜான் புரூக்ஸ், பர்மிங்காமில் குதிரைச் சேணம் செய்யும் தோல் தொழில் நடத்தினவர். 1878-ல் அவரோட குதிரை செத்துப்போச்சு. வேலைக்குப் போக சைக்கிளை இரவல் வாங்கினார். மரச் சீட்டில் உட்கார்ந்து நொந்துபோனார். 1882-ல் தோல் சீட்டுக்குக் காப்புரிமை. தொட்டில் துணி மாதிரி இழுத்துக் கட்டின தோல், பின்னாடி அதுக்கு அடியில் ஸ்பிரிங்.

19/
இதெல்லாம் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதுதான் "ரோட்ஸ்டர்". பேர் புதுசா இருக்கா? உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வண்டிதான். தாத்தாவோட "பெரிய சைக்கிள்".

அதோட உடம்பமைப்பைப் பாருங்க:
• 28 இன்ச் சக்கரம். பள்ளத்தில் இறங்காது.
• ஒன்றரை இன்ச் அகல டயர்.
• ஸ்பிரிங் வைத்த தோல் சீட்.
• சாய்வான ஃபோர்க், நீளமான ஃப்ரேம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் நாம மிதப்போம்.
• நிமிர்ந்து உட்காரலாம், கையில் எடை இறங்காது.

20/
இது நம்ம பக்கத்தில் எங்க உருவாச்சுன்னு கேட்டா, ரயில் ஏறுங்க.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்னிக்கு ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிச்சு. அந்தப் பாதையில்தான் அம்பத்தூர், திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம் எல்லாமே வரிசையா இருக்கு. இன்னிக்கும் அரக்கோணம் லோக்கல் போற அதே வழி.

21/
1949-ல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து டிஐ சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை ஆரம்பிச்சாங்க. அம்பத்தூரில் தொழிற்சாலை. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். அந்த ஆங்கிலக் கம்பெனித் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பேரில் அம்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியே இருக்கு.

அதே அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலையும் வந்துச்சு. ஆமா, பெல்ஃபாஸ்ட் மாட்டு டாக்டர் பேர்தான். லைனின் அடுத்த முனை அரக்கோணத்தில் எம்ஆர்எஃப் டயர் தொழிற்சாலை.

சைக்கிளுக்கும் டயருக்கும் நடுவில் இருக்குற ஊர் திருவாலங்காடு!

22/
பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் அடிச்சுக் கத்துக்கிட்டவங்க கை தூக்குங்க. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்தவங்க? வால் டியூப் போச்சுன்னு கடையில் நின்னவங்க?

பால் கேன், நெல் மூட்டை, வாழைத்தார், கேரியரில் மனைவி, பாரில் குழந்தை. தார் ரோடே இல்லாத ஊர்களில் இத்தனையும் அந்த ஒன்றரை இன்ச் டயரில்தான் போச்சு.

23/
1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை. அறிவொளி இயக்கம், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல கிராமத்துப் பெண்கள் கத்துக்கிட்டாங்க. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகத்துக்கே தெரிஞ்சுது.

பலர் லேடீஸ் சைக்கிளை விட பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினாங்க. பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! நல்ல ரோடு வரட்டும்னு அவங்க காத்திருக்கல. எந்த ரோட்டிலும் போகும் வண்டி கையில் இருந்துச்சு.

24/
2001-02-ல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06-ல் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பலருக்கும் விரிவாக்கிச்சு. இன்னிக்கும் திருவாலங்காட்டைச் சுத்தியிருக்குற கிராமத்துப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறது அந்த ரக சைக்கிள்லதான். அந்தக் கனமான, தடிச்ச டயர் சைக்கிளை "பழைய மாடல்"னு கிண்டல் பண்ணாதீங்க. அந்த ரோட்டுக்கு அது சரியான அறிவு.

25/
அப்ப மெல்லிசு டயர் எங்கிருந்து வந்துச்சு?

பந்தயத்திலிருந்து. வழவழன்னு மரப்பலகை போட்ட ஓட்டக் களங்களில் மெல்லிசான, கல்லு மாதிரி காற்றடிச்ச டயர் நல்லா ஓடும். சாம்பியன்கள் ஓட்டுறதை ஊரே வாங்கும். 1980-90-களில் ரோடு பைக் டயர் 23 மி.மீ., இன்னும் சிலதில் 20-க்குக் கீழே. அழுத்தம் 120 பிஎஸ்ஐ. "எவ்வளவு கெட்டியோ அவ்வளவு வேகம்" வேதவாக்காயிடுச்சு.

26/
அந்த நம்பிக்கைக்கு "ஆதாரம்" கொடுத்தது ஆய்வகம். வழவழப்பான இரும்பு உருளை மேல டயரை ஓட்டிப் பார்ப்பாங்க. அதில் காற்று கூடக் கூட டயர் வேகமாத்தான் தெரியும்.

ஆனா அந்த உருளை மேல ஜல்லி இல்லை. பள்ளம் இல்லை. எல்லாத்துக்கும் மேல, சைக்கிள் மேல மனுஷன் இல்லை.

27/
மனுஷன் உட்கார்ந்தா என்ன ஆகும்? கெட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் உங்களையும் தூக்கிப் போடும். அந்த அதிர்வு தசை, கொழுப்பு, குடல் எல்லாத்தையும் ஆட்டி உள்ளேயே சூடா வீணாகும். அந்தச் சக்தி எங்கிருந்து வருது? உங்க கால்லருந்துதான்.

நிஜ ரோட்டில் ஆள் வெச்சுச் சோதிச்சா முடிவு மாறுது. 2000-களில் அமெரிக்காவின் "பைசைக்கிள் குவாட்டர்லி" பத்திரிகை இப்படிச் சோதிச்சுத் தொடர்ந்து எழுதிச்சு: அகல டயர், அளவான காற்று, வேகம் குறையல. கரடு தரையில் அதுதான் முந்துது. டன்லப் முற்றத்தில் பார்த்த அதே விஷயம்!

28/
நடுவில் ஸ்பிரிங் திரும்ப வந்துச்சு, சொன்னேன்ல. 1992, 1993 இரண்டு வருஷமும் பாரிஸ்–ரூபேயில் கில்பெர் டுக்லோ-லாசால் ஸ்பிரிங் ஃபோர்க் போட்டு ஜெயிச்சார். எல்லோரும் மாத்திடுவாங்கன்னு பேச்சு. நடக்கல. எடை, பராமரிப்பு. சில வருஷத்தில் பெரும்பாலானவங்க அதை விட்டுட்டாங்க. பிறகு டயர்தான் மெதுவா அகலமாச்சு. இன்னிக்கு அந்தப் பந்தயத்தில் 30, 32 மி.மீ., அதுக்கு மேலயும் போடுறாங்க. தார் ரோட்டுப் பந்தயத்தில்கூட 28, 30 வந்தாச்சு.

1885-ன் கதை அப்படியே மறுபடியும்.

29/
இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

தாத்தாவின் பெரிய சைக்கிள் டயரில் என்ன எழுதியிருக்கும்? 28 × 1½. சர்வதேசக் குறியீட்டில் 40-635. முதல் எண் அகலம்: 40 மி.மீ.

கெட்ட ரோட்டுக்குன்னே இப்ப விக்குற "கிராவல் பைக்"கில் என்ன டயர்? பெரும்பாலும் 38, 40. குறியீடு 40-622.

லட்ச ரூபாய் கொடுத்து வாங்குற வண்டியிலும், திண்ணையில் துருப்பிடிச்சு நிக்குற வண்டியிலும் ஒரே 40!

30/
அதுக்காக "பழசே பொன்"னு நான் சொல்ல வரல. பெரிய சைக்கிள் சுமார் 20 கிலோ. கியர் கிடையாது. கம்பி பிரேக், குரோம் ரிம், மழையில் பிடிக்கவே பிடிக்காது. முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தா பள்ளத்தின் அடி நேரா முதுகுத்தண்டில் ஏறும். அதனாலதான் அதுக்கு ஸ்பிரிங் சீட் கட்டாயம்.

டயரைத் தாத்தாகிட்ட வாங்குங்க. பிரேக்கையும் கியரையும் பேரன்கிட்ட வாங்குங்க.

31/
கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எழுதி வெச்சுக்கோங்க:

"இந்த ஃப்ரேம்லயும் ஃபோர்க்லயும் எத்தனை மி.மீ. டயர் வரைக்கும் போகும்?"

வண்டியோட என்ன டயர் வருதுங்கிறது இரண்டாம்பட்சம். டயரை மாத்தலாம், ஃப்ரேமை அகலப்படுத்த முடியாது. 28-க்கு மேல போகாதுன்னு சொன்னா திருவாலங்காட்டுப் பக்கத்துக்கு அந்த வண்டி வேண்டாம். 35 போனா நல்லது. 40 போனா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

32/
கரும்பு லோடு டிராக்டர் போற ரோடு எப்படி இருக்கும்னு சர்க்கரை ஆலை இருக்குற ஊர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். திருவாலங்காட்டுக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். ஓரம் உடைஞ்சு, ஜல்லி வெளியே வந்து, நடுவில் ஒட்டுப்போட்ட தார். சைக்கிள்காரன் போறதே அந்த உடைஞ்ச ஓரத்தில்தான். காருக்கு "பரவாயில்லை"ன்னு தெரியும் ரோடு நமக்குக் கரடு. நடு ரோட்டைப் பார்த்து டயரைத் தேர்ந்தெடுக்காதீங்க, ஓரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்க.

33/
இரண்டாவது, காற்று. இதுக்குக் காசே ஆகாது. ஆனா பலர் கோட்டை விடுற இடம் இதுதான்.

சுமார் 70 கிலோ எடை உள்ளவருக்குத் தோராயமா:
• 28 மி.மீ. – 75 பிஎஸ்ஐ
• 32 மி.மீ. – 55 முதல் 60
• 40 மி.மீ. – 40

பின்சக்கரத்தில் கொஞ்சம் கூட, முன்சக்கரத்தில் கொஞ்சம் குறைவு. எடை கூடினா காற்றும் கூடணும். ரொம்பக் குறைச்சாலும் ஆபத்து: பள்ளத்தில் ரிம் டியூபைக் கடிச்சு இரட்டை ஓட்டை போடும். டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டவே கூடாது.

34/
கம்பெனி டயரில் எழுதியிருக்குற உச்ச அளவு உங்களுக்கான அளவு இல்லை. மாத்திரை அட்டையில் அதிகபட்ச டோஸ் போட்டிருந்தா அதையே எல்லோரும் சாப்பிடுவோமா?

மீட்டர் வைத்த கைப்பம்பு ஒண்ணு வீட்டில் இருக்கணும். பல ரோடு பைக்குகளில் பிரெஸ்டா வால்வு இருக்கும், சாதாரணக் கடைப் பம்பு மாட்டாது. சின்ன அடாப்டர் கிடைக்கும், வாங்கிப் பையில் போட்டுக்கோங்க.

35/
மூணாவது, உங்க உடம்பு அளவு.
• பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசா மடங்கியிருக்கணும்.
• ஹேண்டில்பார் சீட் உயரத்துக்குச் சமமா, கொஞ்சம் மேல இருந்தாலும் சரி. பந்தய வீரர் மாதிரி கீழே வேண்டாம்.
• ஓட்டும்போது முழங்கை மடங்கியிருக்கணும். கை விறைப்பா நீண்டிருந்தா வண்டி உங்களுக்கு நீளம்.
• சீட் மெத்துனு இருந்தா நல்லதுன்னு இல்லை. இடுப்பெலும்பின் இரண்டு முனையும் சீட் மேல உட்காரணும். ரொம்ப மெத்தையில் அந்த முனை புதைஞ்சு, நடுவில் உள்ள நரம்பு நசுங்கும்.

36/
நாலாவதுதான் ஃப்ரேம். கார்பன், அலுமினியம், இரும்புன்னு சண்டை நடக்கும். முக்கோண ஃப்ரேம் மேலிருந்து கீழ் அழுத்தத்துக்கு ரொம்பக் கெட்டி. கண்ணுக்கே தெரியாத அளவுதான் வளையும். டயரோ மில்லிமீட்டர் கணக்கில் அமுங்கும். இருபதாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து ஃப்ரேம் மாத்துறதை விட, டயரை 28-லிருந்து 35-ஆக்குறது கைக்கும் முதுகுக்கும் அதிகம் உதவும்.

37/
"அப்ப ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த மவுன்டன் சைக்கிள் வாங்கலாமே?"

மலைப்பாதையில் பாறை மேல குதிக்கணும்னா வேணும். தார் ரோட்டில் ஜல்லி அதிர்வுக்கு விலை குறைவான ஸ்பிரிங் ஃபோர்க் அதிகம் செய்யாது. எடை கூடும், மிதிக்கிற சக்தியில் கொஞ்சத்தைத் தின்னும். விப்பெட்டுக்கு ஆன கதிதான்.

பட்ஜெட் கம்மியா? கெட்டி ஃபோர்க், 700×35 அல்லது 38 டயர், நேர் ஹேண்டில் வைத்த ஹைப்ரிட் போதும்.

38/
ஒரு எச்சரிக்கை. பெரிய சைக்கிள் டயரும், 700சி டயரும் இரண்டுமே "28"ன்னு சொல்லப்படலாம். ஒண்ணு 635, இன்னொண்ணு 622. ஒண்ணுக்கொண்ணு மாட்டாது. டயர் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்குற அந்த இரண்டு எண்ணைப் படிச்சு வாங்குங்க.

39/
இப்ப டாக்டர் பேசுறேன். கீழே உள்ளதெல்லாம் "ஓட்ட ஓட்டப் பழகிடும்" ரகம் இல்லை:
• சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்து, இறங்கி வெகுநேரம் ஆகியும் சரியாகாம இருந்தா
• பிடிமானம் குறைஞ்சா, சாவி திருப்பக் கஷ்டமா இருந்தா
• உட்காரும் இடம், பிறப்புறுப்பு மரத்துப்போனா
• இடுப்பு வலி காலுக்கு இறங்கினா

சைக்கிளை நிறுத்தி வெச்சுட்டு டாக்டரைப் பாருங்க. சர்க்கரை உள்ளவங்க இன்னும் கவனம். உங்க நரம்பு ஏற்கனவே அடி வாங்கியிருக்கலாம், மரத்துப்போறதே தெரியாது. இதய நோய் உள்ளவங்க தொடங்கும் முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

40/
நல்ல ரோடு கேட்கிறது நம்ம உரிமை. கேட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா ரோடு போடும் வரைக்கும் சர்க்கரை காத்திருக்காது. ரோடு நம்ம கையில் இல்லை, டயர் நம்ம கையில் இருக்கு.

அந்த ஒரு வரிப் பதில்: 35-லிருந்து 40 மி.மீ. டயர் போகும் வண்டி வாங்குங்க, காற்றை அளவா அடிங்க, ஹேண்டிலை உயர்த்துங்க. மீதியெல்லாம் பெயின்ட்.

சைக்கிள் வாங்கப் போற யாராவது தெரிஞ்சா, அவங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க.